தொட்டால் திரும்பும் தண்டவாளம்

பிரெஞ்சில் 'எகுய்' என்றால் ஊசி. தையல் ஊசிக்கும் அதுதான் சொல், கடிகார முள்ளுக்கும் அதுதான். ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திரும்புகிற இடத்துக்கும் அதே சொல்லையே வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் பாடத்தில் இந்தச் சொல் வந்தபோது, தண்டவாளத்தில் ஊசிக்கு என்ன வேலை என்று எங்கள் வகுப்பில் யாருக்கும் விளங்கவில்லை.

புதுவை ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. விழுப்புரத்திலிருந்து 1879-இல் போட்ட அந்த மீட்டர் கேஜ் பாதை புதுவையோடு முடிந்துவிடும். வந்த எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டுவார்கள். அப்படித் திரும்பும் இடத்தில் தண்டவாளத்தை நுனி மெலியச் சீவி வைத்திருப்பார்கள். பார்க்க ஊசி மாதிரியே இருக்கும். ஆங்கிலேயர் அதைப் 'பாயிண்ட்' என்றார்கள். அசைகிற அந்தத் துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் நாக்கு. நம் ரயில்வேக்காரர்களும் பாயிண்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அதை மாற்றுகிறவர் பாயிண்ட்ஸ்மேன். பிரெஞ்சில் அவர் 'எகுய்யேர்', அதாவது ஊசிக்காரர்!

மனைவியின் ஊர் தென்காசி என்பதால் ஓய்வுக்குப் பின் நான் இந்தப் பக்கம் வந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். தென்காசி ஜங்ஷன் பாயிண்ட்டுகளால் பிழைக்கிற ஸ்டேஷன். திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு பாதை, செங்கோட்டை தாண்டிக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு ஒரு பாதை. கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1904-இல். விருதுநகர்ப் பாதை 1927-இல் வந்து சேர்ந்தது. குற்றாலத்துக்கென்று தனி ஸ்டேஷன் கிடையாது. சீசனில் சாரல் விழ ஆரம்பித்தால் மூன்று திசைக் கூட்டமும் தென்காசியில்தான் இறங்கும். ஆக, இந்த ஊரில் எந்த நாக்கு எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். மீட்டர் கேஜ் காலத்தில் கணவாய்ப் பாதை ஸ்டேஷன்களில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைச் சார்வாள் என்பார். லீவர் இழுப்பதைப் பற்றிக் கேட்டால் போதும், திண்ணையில் உட்கார்ந்தபடியே கையால் இழுத்துக் காட்டுவார்.

"லீவரு முழுசா வந்துட்டா கைக்கே தெரிஞ்சிரும் சார்வாள். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு கல்லு கெடந்தா கடைசியில கொஞ்சம் வராது. இழுக்க இழுக்கத் திருப்பித் தள்ளும். கீழ எறங்கிப் போயித்தான் பாக்கணும்."

லீவரிலிருந்து பாயிண்ட் வரைக்கும் இரும்புக் கம்பி தரையோடு போகும். வெகுதூரம் கம்பியால் தள்ள முடியாது. அதனால்தான் பழைய பெரிய ஸ்டேஷன்களில் இரண்டு முனையிலும் இரண்டு கேபின் இருக்கும். வீட்டுப் பெண்கள் இட்லி மாவின் பதத்தைக் கையால் அறிவது மாதிரி, அந்தக் கம்பியின் வழியாக நாக்கின் நிலையை அவர் கை அறிந்தது.

ஆனால் கையை மட்டும் நம்பி ரயில் ஓட்ட முடியாது என்பதை இங்கிலாந்துக்காரர்கள் முன்னமே கண்டுகொண்டார்கள். ஜான் சாக்ஸ்பி என்பவர் தச்சு வேலையிலிருந்து ரயில்வேக்கு வந்தவர். 1856-இல் அவர் ஓர் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பாயிண்ட் ஒரு பக்கம் திரும்பியிருந்தால், அதற்கு முரணான கைகாட்டியின் லீவர் அசையவே அசையாது. பலசாலி இழுத்தாலும் வராது. இதைத்தான் இன்டர்லாக்கிங் என்கிறார்கள். பிறகு அவர் பிரான்ஸில் கிரேய் என்ற ஊரிலும் தொழிற்சாலை வைத்தார்.

நம் நாட்டில் அவ்வளவு செலவு செய்யச் சின்ன ஸ்டேஷன்களுக்கு வசதியில்லை. 1890-களில் வடமேற்கு ரயில்வேயில் லிஸ்ட், மோர்ஸ் என்ற இருவர் பூட்டும் சாவியும் கொண்டு ஒரு மலிவான முறையை உண்டாக்கினார்கள். பாயிண்ட்டைச் சரியாக வைத்துப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். அந்தச் சாவியைக் கொண்டுபோய்ப் போட்டால்தான் கைகாட்டியின் லீவர் விடுபடும். குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. பில் பாஸாகாமல் செக் கிடையாது, வவுச்சர் இல்லாமல் கணக்கில் ஏறாது என்பதை இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். பிரான்ஸில் குடியேறிய என் தம்பியின் மகன், வீட்டில் ஒரு மேஜை நிறைய பொம்மை ரயில் வைத்திருக்கிறான். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும் அவனுக்கு. அசலில் 87-இல் ஒரு பங்கு அளவு, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர். ஒரு பலகையில் பாதைகளின் படம் வரைந்து, ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறான். அழுத்த வேண்டியதில்லை. விரல் பட்டால் போதும், 'டிக்' என்று நாக்கு மாறிவிடும். நம் உடம்பில் மின்சாரம் மெல்லக் கடந்து போவதையோ, விரல் பட்டதும் மின்தேக்கத்தில் உண்டாகும் மாற்றத்தையோ அந்தச் சுற்று உணர்ந்துகொள்கிறது. இந்த இரண்டாவது முறையில்தான் நம் செல்போன் திரையும் வேலை செய்கிறது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பிரெஞ்சு எல்லையில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பென்ட் ஸ்டும்பே என்ற டென்மார்க் எஞ்சினியர் 1970-களின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு தொடுதிரையைச் செய்துவிட்டார். 1976-இல் அங்கே ஒரு பெரிய இயந்திரத்தின் கட்டுப்பாட்டு அறையில் அதைப் பயன்படுத்தினார்கள்.

"பெரியப்பா, உங்க ஊர் ஸ்டேஷன்லயும் இப்படித்தானே?" என்று கேட்டான்.

இப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இப்போது பாயிண்ட் பக்கத்திலேயே ஒரு மோட்டார் பெட்டி இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் எதிரே ஒரு பேனல், அதில் ஊரின் தண்டவாளங்கள் எல்லாம் படமாக. பல ஸ்டேஷன்களில் பேனலும் போய்க் கம்ப்யூட்டர் திரையே வந்துவிட்டது. பார்வைக்கு என் தம்பி மகனின் பலகை போலத்தான் தெரியும். ஆனால் பேனலில் ஒரு பொத்தானைத் தொட்டு ஒரு பாயிண்ட்டையும் மாற்ற முடியாது. பாயிண்ட்டின் பொத்தானையும், எந்தப் பக்கம் என்று சொல்லும் பொதுப் பொத்தானையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். சட்டைக் கை பட்டாலோ, டீ டம்ளர் சாய்ந்தாலோ ஒன்றும் நடக்கக் கூடாது என்பதற்காக. அந்த இடத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தால் இரண்டையும் அழுத்தினாலும் நடக்காது. வழக்கத்தை மீறி அவசரத்துக்கென்று இருக்கும் சில பொத்தான்களை அழுத்தினால் ஓர் எண் கூடிவிடும். ஏன் அழுத்தினோம் என்று எண்ணைக் குறித்துப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

குற்றாலத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரக் கையோடு செல்போனைத் தொட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தொட்டால் கேட்காது, தொடாமலே எங்கேயோ போய் நிற்கும். ஈரக் கையால் தொட்டு இரண்டு பாயிண்ட் சேர்ந்து மாறியதில், தம்பி மகனின் எஞ்சின் ஒருநாள் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். மேஜை ரயிலில் சிரிக்கலாம்.

அண்ணாச்சியின் கையைவிட மோட்டார் கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாக்கின் நுனியருகே 5 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை இடையில் வைத்துச் சோதிப்பார்கள். அப்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, சிக்னலும் விழக் கூடாது. மலையிலிருந்து சாரல் அடிக்கும் இரவில் எந்தக் கை 5 மில்லிமீட்டரை அறியும்? லீவர் காலம் பொற்காலம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. லீவரில் நாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது இரும்பு. பேனலில் நாக்கின் செய்தியைக் கொண்டுவருவது ஒயர். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் பாஹநாகா பஜார் ஸ்டேஷனில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகப் பச்சை விழுந்திருந்தது. பாயிண்ட்டோ சரக்கு ரயில் நின்ற லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். முன்பும் அன்றைக்கும் சிக்னல் ஒயரிங்கில் செய்த மாற்றங்களில் இருந்த குறைகளே காரணம் என்று விசாரணை சொன்னது. லெவல் கிராசிங் கேட்டுக்காக நடந்த வேலை அது. நாக்கு ஒரு பக்கம் இருக்க, ஒயர் வேறொன்றைச் சொல்லிவிட்டது. அடுத்த வருஷம் அக்டோபரில் நம் கவரைப்பேட்டையிலும் மெயின் லைனில் போக வேண்டிய பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் புகுந்து, நின்ற சரக்கு ரயிலில் மோதியது. பாயிண்ட்டின் போல்ட்டுகள் கழற்றப்பட்டிருந்ததாகச் செய்தி வந்தது. நல்லவேளையாக அங்கே உயிர்ச்சேதம் இல்லை.

அதனால்தான் ஒயரில் கை வைத்த பிறகு ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒருவர் பேனலில் உட்கார்ந்து பாயிண்ட்டை மாற்றுவார். இன்னொருவர் பாயிண்ட் பக்கத்தில் நின்று, நாக்கு உண்மையில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் போனில் சொல்வார். விளக்கு காட்டுவதும் இவர் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கணவாயில் மீட்டர் கேஜ் ரயில் 2010 செப்டம்பரில் நின்றது. 2018-இல் அகலப் பாதையில் மறுபடி கொல்லத்துக்கு ரயில் ஓடியது. லீவர்கள் பழைய இரும்புக் கணக்கில் போயிருக்கும். ஆனால் மோட்டார் மக்கர் செய்தால் இன்றைக்கும் கிராங்க் ஹேண்டில் என்ற கைப்பிடியைத்தான் எடுக்க வேண்டும். அதன் சாவி வெளியே வந்தால் அந்தப் பாயிண்ட் வழியாகப் போகும் சிக்னல் எதுவும் விழாது. பாயிண்ட்ஸ்மேன் அதை எடுத்துக்கொண்டு மழையில் நடந்து போய், கையால் சுற்றி நாக்கை ஒட்ட வைத்து, கிளாம்ப் போட்டுப் பூட்டி, அந்தச் சாவியைக் கொண்டுவந்து ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுப்பார். அவர் நேரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்.