பல் துலக்கும் பொருள்கள் (சேலம், நாமக்கல் சமவெளி)

சேலம், நாமக்கல் சிற்றூர்களில் வேப்பங்குச்சி, கருவேலங்குச்சி, சாம்பல், கரி, உப்பு ஆகியவற்றால் பல் துலக்குவது முன்பு பெருவழக்கு. குச்சியின் முனையை மென்று நாராக்கித் தேய்ப்பர். கரி, செங்கல்தூள் போன்ற சொரசொரப்பான பொடிகள் எனாமலைத் தேய்த்துப் பற்கூச்சம் உண்டாக்கும். புகையிலை கலந்த பற்பொடி, பற்பசைகளை இந்திய அரசு 1992இல் தடைசெய்தது.

துலக்கும் பொருளைப் போலவே குடிநீரும் பற்களைப் பாதிக்கும். பாறைப்பாங்கான இப்பகுதியில் சில ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் ஃபுளூரைடு உள்ள நீரைப் பற்கள் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரை, தொடர்ந்து குடித்தால் பற்களில் வெண்திட்டுகளோ பழுப்புக் கோடுகளோ தோன்றும். இவை எனாமலுக்குள்ளேயே அமைவதால் பற்பசையால் போகா. அத்தகைய ஊர்களில் காவிரிக் கூட்டுக் குடிநீரே குழந்தைகளுக்கு ஏற்றது.

அளவான ஃபுளூரைடு சொத்தையைத் தடுக்கும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் ஃபுளூரைடு பற்பசை போதும். அதை விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். ஈறில் இரத்தம் கசிவது பெரும்பாலும் பற்படலத்தால் வரும் அழற்சியின் அறிகுறி. அப்போது துலக்குவதை நிறுத்தாமல், மென்மையான பிரஷால் காலையும் இரவும் ஈறோரம் துலக்க வேண்டும். பற்படலம் இறுகிக் கெட்டியான காரையைப் பல் மருத்துவரே அகற்ற முடியும்.