நங்கூரம் – அத்தியாயம் 4: புளித்துப்போன பீப்பாய்கள்

1965, ஆகஸ்ட் மாதம். சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் நார்த் பீச் பகுதியில் ஓல்ட் ஸ்பகெட்டி ஃபேக்டரி என்றொரு உணவகம். அங்கே வழக்கமாக வந்து ஆங்கர் ஸ்டீம் பியர் குடிக்கும் இளைஞர் ஒருவரிடம், கடைக்காரர் ஃப்ரெட் கூ பேச்சுக் கொடுத்தார். இந்த பியரைக் காய்ச்சும் ஆலையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் இளைஞர். அப்படியானால் உடனே போய்ப் பார்த்துவிடுங்கள், ஓரிரு நாளில் மூடப்போகிறார்கள் என்றார் கூ.

இளைஞரின் பெயர் ஃபிரிட்ஸ் மேடாக். வயது 27. அமெரிக்க வீடுகளில் துணி துவைத்த மேடாக் வாஷிங் மெஷின் அவருடைய கொள்ளுத் தாத்தா தொடங்கிய கம்பெனியின் சரக்கு. அப்பா ஐயோவா மாநிலத்தில் பாலாடைக்கட்டித் தொழிலும் நடத்தியவர். பிள்ளையோ ஸ்டான்ஃபோர்டில் பட்டம் வாங்கி, மேற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே எட்டாவது தெருவிலிருந்த ஆலைக்குப் போனார். பழைய பாத்திரங்கள், காலியான கஜானா, கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள். பார்க்க வந்தவர் வாங்கியே விட்டார். 51 சதவீதப் பங்கு, விலை சில ஆயிரம் டாலர்தான்.

இந்த ஆலை பட்ட பாட்டை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். 1871இல் காட்லீப் பிரெக்கிள் என்ற ஜெர்மானியர் ஒரு பழைய மதுக்கூடத்தை வாங்கி பியர் ஆலையாக்கினார். 1896இல் அதை வாங்கிய எர்ன்ஸ்ட் பாருத்தும் அவருடைய மருமகன் ஆட்டோ ஷின்கலும் ஆங்கர் என்று பெயரிட்டார்கள். 1906 பிப்ரவரியில் பாருத் இறந்தார். ஏப்ரல் 18 அதிகாலை 5.12க்கு நகரையே புரட்டிய நிலநடுக்கம். அதைத் தொடர்ந்த தீயில் ஆலை சாம்பலானது. அடுத்த ஆண்டே ஷின்கல் டிராம் மோதி இறந்தார். 1920இல் மதுவிலக்கு வந்து கதவைச் சாத்தியது. 1933இல் விலக்கு நீங்கித் திறந்தார்கள். 1934இல் மறுபடியும் தீ. 1959இல் மூடி, 1960இல் திறந்தார்கள். இத்தனை அடிக்கும் தப்பிய ஆலையைக் கடைசியில் சாகடிக்கப் பார்த்தது நிலநடுக்கமுமில்லை, தீயுமில்லை. அது உள்ளேயே இருந்தது.

அதைப் புரிந்துகொள்ள ஸ்டீம் பியர் காய்ச்சும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கவேண்டும்.

லாகர் வகை பியருக்கான ஈஸ்ட் குளிரை விரும்பும். பத்து டிகிரி செல்சியஸ் அளவில் நிதானமாகப் புளிக்கவைத்து, பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடத்தவேண்டும். தங்கவேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்த ஜெர்மானியர்களிடம் லாகர் கைப்பக்குவம் இருந்தது, ஐஸ் இல்லை. என்ன செய்வது? கொதித்து இறங்கிய மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றை அகலமான, ஆழமில்லாத, திறந்த தொட்டிகளில் பரப்பினார்கள். சூடான சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுவதுபோல. பசிபிக் கடலிலிருந்து வரும் பனிமூட்டக் காற்று மிச்ச வேலையைச் செய்தது. லாகர் ஈஸ்ட் தனக்குப் பழக்கமில்லாத வெதுவெதுப்பில், பதினைந்து டிகிரிக்கும் மேலே, வேகமாகப் புளித்தது. பிறகு பீப்பாயில் அடைக்கும்போது, புளித்துக்கொண்டிருக்கும் புதுச் சாற்றைச் சிறிது சேர்த்தார்கள். உள்ளே வாயு கட்டி அழுத்தம் ஏறியது. கடைக்காரர் பீப்பாயைத் திறந்தால் புஸ்ஸென்று சீறிக்கொண்டு நுரை கிளம்பும். ஐஸ் இல்லாத குறையிலிருந்து பிறந்த தனிச்சுவை அது.

ஆனால் திறந்த தொட்டியில் ஈஸ்ட் மட்டுமா குடியேறும்? லாக்டிக் பாக்டீரியாவும் வரும். பழைய குழாயின் ஒரு மூட்டு, பாத்திரத்தில் ஒரு கீறல் போதும், அது ஒளிந்துகொள்ள. ஒரு முறை நுழைந்துவிட்டால் காய்ச்சும் பியரையெல்லாம் புளிப்பாக்கிவிடும். ஆங்கருக்கு நேர்ந்தது இதுதான். ஒரு பீப்பாய் நன்றாக இருக்கும், அடுத்தது வாயில் வைக்க முடியாது. ஊர்ப்பற்றுக்காக வாங்கிய கடைக்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

மேடாக் முதலில் பிடித்த எதிரி இந்தப் புளிப்புதான். மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பியர் கெட்டுப்போவதைப் பற்றி லூயி பாஸ்டர் எழுதியதைத் தேடிப் படித்தார். தேய்த்தார், கழுவினார், கழுவ முடியாததை மாற்றினார். மால்ட் தவிர வேறு தானியமோ சர்க்கரையோ சேராது என்று முடிவெடுத்தார். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் முழுப் பூவாகவே வேண்டும் என்றார். பெரிய கம்பெனிகள் செலவைக் குறைக்க அரிசியும் சோளமும் கலந்துகொண்டிருந்த காலம் அது. 1873இல் அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேல் இருந்த பியர் ஆலைகள், 1970களின் முடிவில் நூற்றுக்கும் கீழே வந்து நின்றன.

ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றிய மேடாக் ஒன்றை மட்டும் தொடவில்லை. அகலமான திறந்த தொட்டி, வெதுவெதுப்பில் புளிக்கும் லாகர் ஈஸ்ட், பீப்பாயில் புதுச் சாறு: அந்த ஜெர்மானியர்களின் முறை அப்படியே நின்றது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பாரம்பரிய அழுக்கையும் சேர்த்துக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. அழுக்கைத் துடைக்கிறேன் என்று பாரம்பரியத்தையே துடைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவே எந்தக் கோட்டில் நிற்பது என்று மேடாக்குக்குத் தெரிந்திருந்தது. ஆங்கரின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்தத் தெளிவைத்தான்.

1969இல் முழு ஆலையும் அவர் கைக்கு வந்தது. 1971இல் ஸ்டீம் பியர் பாட்டிலில் இறங்கியது. அமெரிக்காவில் அநேகமாக மறைந்தேபோயிருந்த கருநிற போர்ட்டரைக் காய்ச்சி, அதையும் 1974இல் பாட்டிலில் கொண்டுவந்தார். பிறகு இங்கிலாந்து போய், ஏல் வகை பியர் காய்ச்சும் பழைய ஆலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார், தலை நிறையக் கேள்விகளோடு.

அமெரிக்க விடுதலைப் போர் வீரர் பால் ரெவியர் குதிரையேறி, ஆங்கிலப் படை வருகிறது என்று எச்சரித்து ஓடிய இரவின் 200வது ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்காகப் புதிதாக ஒரு ஏல் காய்ச்ச முடிவெடுத்தார் மேடாக். ஹாப்ஸ் எங்கிருந்து? ஆரேகனில் வளர்த்தெடுத்து 1972இல் வெளியான புது ரகம் ஒன்று, பெயர் கேஸ்கேட். முகர்ந்தால் பம்பளிமாஸ் வாசனை. அதைக் கொதிக்கும்போது சேர்த்தது போதாதென்று, புளித்து முடிந்த பியருக்குள்ளும் பச்சையாகப் போட்டார். அமெரிக்க நாக்கு அதுவரை அறியாத கசப்பு, அறியாத மணம்.

காய்ச்சிய நாள் 1975, ஏப்ரல் 18. ஆங்கரைத் தின்ற தீயைக் கிளப்பிய நிலநடுக்கம் வந்த அதே தேதி. இந்த முறை அந்தத் தேதி என்ன கொண்டுவந்தது? முதல் குவளையைக் கையில் வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள்?

(அடுத்த வாரம்)