வாளியிலிருந்து குழாய்க்கு

20ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம், சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரக் கடைவீடுகள் பலவற்றில் வாளிக் கழிப்பறைகளே இருந்தன. தொழிலாளர்கள் பின்சந்து வழியே வந்து, நிரம்பிய வாளியை எடுத்துவிட்டுக் காலி வாளியை வைத்துச் சென்றனர். 1910களில் தொடங்கிய பாதாளச் சாக்கடை தீவெங்கும் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. வாளி முறை 1987 ஜனவரியில் ஒழிந்தது. பொதுக் கழிப்பறைகள் பெருகவே, அவற்றின் தூய்மை அடுத்த கவலையாயிற்று. 1989 முதல், பயன்படுத்தியபின் தண்ணீர் விடாமல் செல்வோருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2001இல் ஜாக் சிம் இங்கு உலகக் கழிப்பறை அமைப்பை நிறுவினார். அது தொடங்கப்பட்ட நவம்பர் 19ஐ, சிங்கப்பூரின் முன்மொழிவை ஏற்று, 2013இல் ஐநா பொதுச் சபை உலகக் கழிப்பறை நாளாக்கியது.