பிர்ச் பட்டையும் பேரரசின் எழுத்தும்: ருஷ்ய எழுத்தறிவின் இரு தடங்கள்

ருஷ்யாவில் எழுத்தறிவு எப்போது பரவியது என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஒரே விடைதான் சொல்லப்பட்டு வந்தது. இடைக்காலத்தில் எழுத்து மடாலயச் சுவர்களுக்குள் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் முதலாம் பீட்டர் அதை வெளியே கொண்டுவந்தார் என்பதே அந்த விடை. ஆனால் 1951 ஜூலை 26 அன்று நோவ்கொரோத் நகரின் நெரெவ்ஸ்கி அகழாய்வுக் குழியில் ஒரு பெண் தொழிலாளியின் கைக்குச் சுருண்ட மரப்பட்டைத் துண்டொன்று அகப்பட்டது. அதில் கீறப்பட்ட எழுத்துகள் இருந்தன. அகழாய்வை நடத்திய அர்த்தேமி அர்த்சிகோவ்ஸ்கி அதற்கு முதல் எண்ணைக் கொடுத்தார். இன்று நோவ்கொரோத்தில் மட்டும் 1,100க்கும் மேற்பட்ட பட்டைகள் கிடைத்துள்ளன. பழைய விடை இனிச் செல்லாது. அதன் இடத்தில் எதை வைப்பது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

பட்டைகளிலிருந்தே தொடங்குவோம். பிர்ச் மரத்தின் பட்டையை உரித்து, நீரில் கொதிக்கவைத்து இளக்கி, அதன் உட்புறத்தில் இரும்பாலோ எலும்பாலோ ஆன எழுத்தாணியால் கீறினார்கள். மை தேவையில்லை, காசும் தேவையில்லை. காடு முழுக்கப் பிர்ச் மரம். வாசித்து முடித்ததும் கிழித்துத் தெருவில் எறிந்தார்கள். நோவ்கொரோத்தின் ஈரம் மிகுந்த களிமண்ணில் காற்றுப் புகாததால் அவை அழுகவில்லை. பாதுகாக்க வேண்டும் என்று எவரும் கருதாத எழுத்து இது. அதனால்தான் அரண்மனை ஆவணங்களும் மடாலயச் சுவடிகளும் தராத சான்றை இது தருகிறது.

பதினோராம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரையிலான இந்தக் கடிதங்களில் கடன் கணக்கும், மென்மயிர்த் தோல் வணிகமும், குதிரை விவகாரமும், வீட்டுச் சண்டையும் நிரம்பிக் கிடக்கின்றன. ஒன்பதாம் எண் பட்டையை எழுதிய கொஸ்தியாதா, ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவுப்படி, ஒரு பெண். தந்தையும் உறவினரும் தனக்குக் கொடுத்த உடைமையைக் கணவன் தன்னிடமே வைத்துக்கொண்டான், வேறொருத்தியை மணந்து தன்னை விரட்டிவிட்டான், உடனே வந்து சேர வேண்டும் என்று வாசில் என்பவருக்கு முறையிடுகிறாள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு பெண்ணின் வழக்கு, அவள் சொல்லாகவே நம்மை வந்தடைகிறது. அதைக் கீறியது அவள் கையா, பிறர் கையா என்ற விவாதம் இருக்கட்டும். தன் குறையை எழுத்தில் அனுப்பலாம், அது வாசிக்கப்படும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. ஒரு சமூகத்தின் எழுத்தறிவை அளக்க இதைவிட நல்ல சான்று இல்லை என்பது என் எண்ணம்.

1956இல் கிடைத்த பட்டைகள் இன்னும் அரியவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த, ஆறேழு வயது மதிக்கத்தக்க ஒன்ஃபீம் என்ற சிறுவனின் பயிற்சிகள் அவை. 199ஆம் எண் பட்டை முன்பு ஏதோ ஒரு பெட்டியின் அடிப்பாகமாக இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் அகரவரிசையை எழுதிவிட்டு, ஒவ்வொரு மெய்யோடும் உயிரைச் சேர்த்து வரிசை வரிசையாக எழுதிப் பழகியிருக்கிறான். மறுபக்கத்தில் நீண்ட கழுத்தும் சுருண்ட வாலும் உள்ள ஒரு விலங்கை வரைந்து, ‘நான் விலங்கு’ என்று அதன் வாயாலேயே சொல்லவைத்து, தனீலோ என்ற தோழனுக்கு வணக்கமும் எழுதியிருக்கிறான். அடுத்த பட்டையில் ஒரு வீரன் குதிரைமேல் அமர்ந்து எதிரியை ஈட்டியால் குத்துகிறான். அருகில் ‘ஒன்ஃபீம்’ என்ற பெயர். வேறு பட்டைகளில் சங்கீதப் புத்தகத்தின் சொற்றொடர்களும் கடன் கடிதத்தின் சொற்றொடர்களும் கலந்து வருகின்றன. செபத்தையும் கடன் பத்திரத்தையும் இச்சிறுவன் ஒருசேரப் பழகினான். இவ்விரண்டும் ஒரே கையில் சேர்ந்திருந்த காலம் அது.

இந்தக் கடிதங்களின் எழுத்துமுறை முதல் தலைமுறை ஆய்வாளர்களுக்குப் பிழை மலிந்ததாகவே தோன்றியது. சில உயிரெழுத்துகள் ஒன்றின் இடத்தில் இன்னொன்றாக வந்தன. அரைகுறையாகப் படித்தவர்களின் தடுமாற்றம் என்று ஒதுக்கினார்கள். மொழியியலாளர் அந்திரேய் சலிஸ்னியாக் 1980களில் இதை மறுத்தார். எந்த எழுத்து எதற்குப் பதிலாக வரலாம் என்பதில் ஒழுங்கு இருந்தது. அன்றாட எழுத்துக்கென்று ஒரு முறை, புத்தக எழுத்துக்கென்று வேறொரு முறை என இரண்டு வழக்குகள் ஒரே நகரில் நிலவின என்பதை அவர் நிறுவினார். ‘பிழை’ என்று கருதப்பட்டவற்றின் வழியாகவே நோவ்கொரோத் மக்களின் பேச்சுமொழி மீண்டது.

புத்தகத்தின் தடம் வேறு. 988இல் கீவ் நகரின் வேந்தர் விளாதிமீர் கிறித்தவத்தைத் தழுவியபோது, பல்கேரியா வழியாகச் சிரில் எழுத்தும் திருச்சபை ஸ்லாவிய மொழியும் வந்து சேர்ந்தன. கீவ் காலத்து மரபு ருஷ்யர்களுக்கு மட்டும் உரியதல்ல. உக்ரேனியருக்கும் பெலாருசியருக்கும் அதே அளவு உரியது. 1056–57இல் கிரிகோரி என்ற டீக்கன் நோவ்கொரோத்தின் ஆட்சித் தலைவர் ஒஸ்த்ரோமீருக்காகத் தோலில் எழுதி முடித்த நற்செய்தி நூல், ஆண்டு குறிக்கப்பட்டவற்றுள் மிகப் பழமையானது. 2000ஆம் ஆண்டு அதே நகரில் மெழுகு பூசிய மரப்பலகைகளில் சங்கீதங்கள் எழுதப்பட்ட ஏடு ஒன்று அகப்பட்டது. அது இன்னும் சில பத்தாண்டுகள் முந்தியது. பேச்சுக்கு நெருங்கியும், புனிதம் என்பதால் மாற்றத்துக்கு அப்பாற்பட்டும் இருந்த இந்த மொழியே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் புத்தகத்தை ஆண்டது.

பட்டைக் கடிதங்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் அருகி மறைகின்றன. 1478இல் மாஸ்கோ நோவ்கொரோத்தின் தன்னாட்சியை முடித்துவைத்தது. மாஸ்கோ எழுத்தறிவை அழித்தது என்று இதைக்கொண்டு முடிவு கட்டுவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். காகிதம் மலிந்தபோது மக்கள் காகிதத்துக்கு மாறினார்கள். அதே மண்ணில் பட்டை நிலைக்கும், காகிதம் நிலைக்காது. நம் சான்று ஊமையானது என்பதற்காக அக்கால மக்களும் எழுதாமல் போனார்கள் என்று சொல்ல முடியாது.

அச்சுக் கலை வந்தபோது அது முழுக்கப் புத்தகத் தடத்திலேயே சென்றது. இவான் ஃபியோதரவும் பியோத்தர் ம்ஸ்திஸ்லாவெத்சும் மாஸ்கோவில் அச்சிட்ட அப்போஸ்தலர் நூல் 1564 மார்ச் 1 அன்று முடிந்தது. சில ஆண்டுகளில் இருவரும் மாஸ்கோவை விட்டு லித்துவேனியாவுக்குப் போனார்கள். ஃபியோதரவ் 1574இல் லிவீவ் நகரில் அரிச்சுவடி அச்சிட்டார். 1581இல் ஒஸ்திரோகில் முழு விவிலியத்தை அச்சிட்டார். மாஸ்கோவின் அரசு அச்சகமோ பதினேழாம் நூற்றாண்டு முழுவதும் வழிபாட்டு நூல்களையும் அவற்றை வாசிக்கக் கற்பிக்கும் அரிச்சுவடிகளையுமே பெரும்பாலும் வெளியிட்டது. 1649இல் இருமுறை, ஒவ்வொரு முறையும் 1,200 படிகளாக அச்சான சட்டத் தொகுப்பு அபூர்வமான விதிவிலக்கு. குழந்தை முதலில் அரிச்சுவடி, பிறகு நேர வழிபாட்டு நூல், பிறகு சங்கீதப் புத்தகம் என்று எழுத்துக் கூட்டி, உருப்போட்டுப் படித்தது. எழுதுவது தனிப் படிப்பு. ஒன்ஃபீமின் பட்டையில் சேர்ந்திருந்தவை இங்கே பிரிந்தன.

இந்தப் பிரிவு எவ்வளவு ஆழமானது என்பது 1650களில் தெரிந்தது. தலைமைப் பேராயர் நிக்கோன் கிரேக்க வழக்கையொட்டி வழிபாட்டு நூல்களைத் திருத்தினார். சிலுவைக் குறியிடும் விரல்கள் இரண்டிலிருந்து மூன்றாயின. இயேசுவின் பெயரில் ஓர் எழுத்துக் கூடியது. விசுவாசப் பிரமாணத்தில் ஓரெழுத்து இணைப்புச்சொல் ஒன்று நீங்கியது. அந்த ஓரெழுத்துக்காக உயிரைவிடத் துணிந்தவர்கள் இருந்தார்கள். வெள்ளைக் கடலின் சொலோவெத்ஸ்கி மடாலயத் துறவிகள் புதிய நூல்களை ஏற்க மறுத்து, 1668 முதல் 1676 வரை அரசின் முற்றுகையைத் தாங்கினார்கள். பேராயர் கூட்டம் சபித்த ‘பழைய நம்பிக்கையாளர்’களின் தலைவர் அவ்வாக்கூம், துருவப் பகுதியின் புஸ்தசேர்ஸ்க் சிறைக்குழியிலிருந்து தன் வரலாற்றைப் பேச்சுமொழியில் எழுதினார், 1682இல் எரிக்கப்பட்டார். எழுத்தும் சடங்கும் ஒரே உடலாக இருந்த உலகில், எழுத்தை மாற்றுவது நம்பிக்கையையே மாற்றுவதாகத்தான் பொருள்பட்டது. இவர்களை வெற்றுப் பிடிவாதக்காரர்கள் என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் அந்த உலகத்துக்குள் நுழையவே இல்லை.

அறியாமை என்ற குற்றச்சாட்டும் பொருந்தாது. 1694இல் கரேலியாவின் வீக் ஆற்றங்கரையில் பழைய நம்பிக்கையாளர்கள் ஒரு குடியிருப்பை நிறுவினார்கள். அதைச் சேர்ந்த லெக்ஸாவில் பெண்கள் அமர்ந்து சுவடிகளைப் படியெடுத்தார்கள். வேலைப்பாடு மிக்க அந்தப் படிகள் நாடெங்கும் போயின. திருச்சபை இவர்களை மடக்க இரண்டு ‘பழைய’ சுவடிகளை முன்வைத்தது. அவற்றுள் ஒன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இரு விரல் வழக்கத்தைக் கண்டித்த கூட்டத்தின் பதிவு எனப்பட்டது. வீக்கைச் சேர்ந்த அந்திரேய் தெனீசவும் அவருடைய தோழர்களும் அவற்றை நேரில் ஆராய்ந்தார்கள். பழைய தோலில் முன்பிருந்த எழுத்து சுரண்டப்பட்டு மேலே எழுதப்பட்டிருப்பதையும், எழுத்து வடிவங்கள் அந்தக் காலத்துக்குப் பொருந்தாததையும், தையல் புதிது என்பதையும் கண்டார்கள். 1723இல் எழுதிய ‘பொமோரிய விடைகள்’ நூலில் இரண்டும் போலி என்று நிறுவினார்கள். ருஷ்யாவில் சுவடியியல் என்ற துறைக்கு அடியெடுத்துக் கொடுத்தவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். அரசால் விரட்டப்பட்டுக் காட்டில் குடியேறிய இவர்களே. இந்த உண்மை இன்னும் உரத்துச் சொல்லப்பட வேண்டும்.

அதே ஆண்டுகளில்தான் பீட்டர் எழுத்தின் உருவத்தையே மாற்றினார். ஸ்வீடனுடன் போர் நடந்துகொண்டிருந்த 1707இல், படையோடு இருந்த வரைவாளர் குலென்பாக் அரசரின் யோசனைப்படி புதிய வடிவங்களை வரைந்தார். லத்தீன் அச்செழுத்தின் வட்டமும் மெலிவும் சிரில் எழுத்துக்கு வந்தன. 1708 மார்ச்சில் முதல் நூல் வெளியானது. அது ஒரு வடிவியல் நூல் என்பதே இந்த எழுத்து எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறது. 1710 ஜனவரி 29 அன்று மாதிரி அகரவரிசையை அரசர் கையில் எடுத்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் பழைய வடிவமும் புதிய வடிவமும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருந்தன. பேனாவால் பழையவற்றைத் தடித்த கோடுகளால் அடித்தார். வரலாற்று நூல்களையும் தொழில் நூல்களையும் இந்த எழுத்துகளில் அச்சிட வேண்டும், கறுப்படித்தவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று தன் கையால் எழுதினார். இந்தக் ‘குடிமை எழுத்து’ வழிபாட்டு நூல்களைத் தொடவில்லை. அவை பழைய எழுத்திலேயே தொடர்ந்தன. புனிதத்துக்கும் அரசுக்கும் இடையிலான எல்லை இனிப் பக்கத்தைப் பார்த்தவுடன் கண்ணில் பட்டது.

பீட்டர் எழுத்தறிவைத் தந்தார் என்பதைவிட, வாசகரை இரண்டாகப் பிரித்தார் என்பதே சரி என்று வாதிடுகிறேன். அவர் காலத்துக் கோட்டை கட்டும் நூல்களும் மொழிபெயர்ப்புகளும் பல கிடங்கிலேயே தேங்கின. சங்கீதப் புத்தகமும் அரிச்சுவடியும் விற்றன. புதிய அறிவியலின் தலைமகனை எடுத்துக்கொள்வோம். 1711இல் வெள்ளைக் கடலோரத்தில் ஹொல்மொகோரி அருகே பிறந்த மிகையீல் லொமொனோசவ் மீன்பிடித் தொழில் செய்த குடியானவரின் மகன். தன் கல்வியின் வாசல்கள் என்று அவர் நினைவுகூர்ந்த நூல்கள் ஸ்மொத்ரீத்ஸ்கியின் இலக்கணமும் மக்னீத்ஸ்கியின் கணக்கு நூலும். இரண்டும் பழைய எழுத்தில் அச்சானவை. மாஸ்கோப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1755இல் ருஷ்ய இலக்கணத்தை எழுதி முடித்தவரும், திருச்சபை மொழியின் அளவைக் கொண்டே இலக்கிய நடைகளை மூன்றாக வகுத்தவரும் இவரே. புதிய பண்பாட்டைக் கட்டியவர் பழைய புத்தகத்தில் வளர்ந்தவர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிக்கலாய் நோவிக்கவ் 1779இல் பல்கலைக்கழக அச்சகத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டார். 1783இல் தனியார் அச்சகங்களுக்கு அனுமதி வந்தது. 1790இல் அலெக்சாந்தர் ரதீஷ்செவ் தம் வீட்டு அச்சகத்தில் பண்ணையடிமை முறையைக் கண்டித்து நூல் அச்சிட்டதும் பேரரசி காத்தரீன் மிரண்டார். ரதீஷ்செவ் சைபீரியாவுக்கும், இரண்டு ஆண்டுகளில் நோவிக்கவ் ஷ்லுசெல்புர்க் கோட்டைக்கும் அனுப்பப்பட்டார்கள். 1796இல் தனியார் அச்சகங்கள் மூடப்பட்டன. புஷ்கின் எழுதிய காலத்தில் குடிமை எழுத்தின் வாசகர் வட்டம் பிரபுக்களும் அதிகாரிகளும் கொண்ட சிறு வட்டமே. நாட்டுப்புறத்துக்குப் போனவை ‘லுபோக்’ என்ற பட அச்சுகள். நடந்தே ஊர் ஊராகச் சென்ற தலைச்சுமை வணிகர்கள் அவற்றை விற்றார்கள்.

1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பின் இரு தடங்களையும் மீண்டும் சேர்க்க முயன்றவர்களுள் தால்ஸ்தோய் முதன்மையானவர். 1859இலேயே யாஸ்னயா பொல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். 1872இல் அவர் வெளியிட்ட அரிச்சுவடி நூலில் ருஷ்ய வாசகப் பகுதியோடு ஸ்லாவியப் பகுதியும் கணக்கும் சேர்ந்தே இருக்கின்றன. பிள்ளையின் தாத்தா அறிந்த எழுத்தையும் பள்ளி தரும் எழுத்தையும் ஒரே நூலில் வைத்தார். 1884இல் அவருடைய ஊக்கத்தால் தொடங்கிய ‘பஸ்ரேத்னிக்’ பதிப்பகம், இவான் சீத்தினின் அச்சகத்தின் மூலம் அதே தலைச்சுமை வணிகர்களின் மூட்டையில் நல்ல கதைகளை ஏற்றியது.

1897இல் பேரரசு தன் முதல் பொது மக்கள்தொகைக் கணக்கை எடுத்தது. எழுத்தறிந்தோர் 21.1 விழுக்காடு, ஆண்களில் 29.3, பெண்களில் 13.1. இந்த எண்களை வைத்துப் பல முடிவுகள் கட்டப்பட்டுள்ளன. ஆனால் கணக்கெடுப்புப் படிவம் கேட்ட கேள்வி ‘வாசிக்கத் தெரியுமா’ என்பதுதான். எழுதத் தெரியுமா என்று அது கேட்கவில்லை. சங்கீதப் புத்தகத்தை மட்டும் வாசிக்கத் தெரிந்த கிழவியும் செய்தித்தாள் வாசகரும் அதில் ஒரே கட்டத்துக்குள் விழுவார்கள். கொஸ்தியாதாவைப் போல் தன் வழக்கை எழுத்தில் அனுப்பக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தப் படிவத்திலிருந்து எடுக்க முடியாது. அதற்குக் குடியானவர்களின் மனுக்கள், படைவீரர்களின் வீட்டுக் கடிதங்கள், 1905இன் சமயச் சகிப்பு ஆணைக்குப் பின் பழைய நம்பிக்கையாளர்கள் வெளிப்படையாக அச்சிடத் தொடங்கிய நூல்கள் ஆகியவற்றிடம்தான் போக வேண்டும்.