பாயும் கழியும் கயிறும்



விடுமுறையில் பழைய முறைப் படகு ஒன்றில் பயணம் போய்வர விரும்புகிறோம். எந்தப் படகு எங்களுக்கு ஏற்றது என்று கல்லூரி மாணவர் சிலர் அண்மையில் என்னை வினவினர். கேட்பதற்குத் தக்க ஆளைத்தான் தேடிப் பிடித்தார்கள்! நான் பிறந்த ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூர். ஏரி நிரம்பிய ஆண்டுகளில் வாழைத் தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் குப்புறப் படுத்து மிதந்ததே நான் பயின்ற கப்பற்கலை. எங்கள் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு மட்டும் மணிமுத்தாற்றிலே கலந்து, வெள்ளாற்றை அடைந்து, பரங்கிப்பேட்டை அருகே எங்கள் சார்பில் கடலைக் கண்டு வருகிறது.

ஆயினும் இந்தக் கேள்விக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. அதைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு வரை கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள மரக்காணத்தில்தான் பக்கிங்காம் கால்வாய் முடிவடைகிறது. ஒரு காலத்தில் சென்னைவாசி ஒருவர் படகிலே உல்லாசப் பயணம் போக நினைத்தால், அவர் கால்கள் தாமாகவே அக்கால்வாயின் கரைக்கு நடந்திருக்கும்.

அக்கால்வாயின் முதற்பகுதி 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டது. 1837-இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் சிறிது சிறிதாக நீண்டு, ஆந்திரக் கால்வாய்களோடு இணைந்து, காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை ஏறக்குறைய 796 கிலோமீட்டர் நீர்வழியாயிற்று. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்த் துண்டு வெட்டப்பட்ட கதையை மட்டும் நீங்கள் மறவாமல் கேட்க வேண்டும். அது 1877, 1878-ஆம் ஆண்டுகளில் நடந்த வேலை. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தார்களே, அந்தக் கொடும் பஞ்சத்தின் காலம். பசியால் நலிந்த மக்களுக்கு நிவாரண வேலையாக மண்வெட்டியும் கூடையும் தரப்பட்டன. மண் சுமந்தவர்களின் பெயர் எதிலும் பொறிக்கப்படவில்லை. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது.

அதன்பின் உப்பும் விறகும் நெல்லும் அவ்வழியே சென்னைக்கு வந்தன. தோணிகள் சென்ற முறை மூன்று. காற்று துணை செய்தால் பாய் விரிப்பார்கள். தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு வாடை நல்ல தோழன், தென்காற்றோ எதிரி. காற்று ஓய்ந்தால் நீண்ட கழியை அடியில் ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் போதாதபோது, தோணியில் கட்டிய கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் ஆள் கரையோரமாக நடந்து இழுப்பான். பாய், கழி, கயிறு என்னும் இம்மூன்றில் முதலாவதற்குக் காற்று உழைக்கிறது. மற்ற இரண்டிற்கும் மனிதன் உழைக்கிறான். படகைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு இதுவே என்பது என் கருத்து.

இதை எனக்கு உணர்த்தியவர் பாவேந்தர் பாரதிதாசன். 1934-ஆம் ஆண்டு அவர் தோழர் பலருடன் சென்னையிலிருந்து தோணியேறி இக்கால்வாய் வழியே மாமல்லபுரம் சென்றார். அப்பயணமே ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாட்டாயிற்று. நண்பர்கள் கூடிப் புத்தகம் படித்துக்கொண்டு, மாலை வெயிலையும் நீரையும் கண்டு களித்துச் சென்ற இன்பப் பயணம் அது. ஆனால் இடையிலே கவிஞரின் கண் கரைக்குத் திரும்புகிறது. தோளால் கயிறிழுத்து நடப்பவனையும், பின்புறம் நின்று கழியால் தோணியைத் தள்ளித் தொல்லையுறுபவனையும் அவர் காண்கிறார். காணப் பொறுக்காமல் பாடுகிறார். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றிப் பாடியோர் பலர். அங்கே கொண்டு சேர்த்தவனின் தோளைப் பற்றிப் பாடியோர் எத்தனை பேர்?

அந்தப் பயணத்தை இன்று நீங்கள் மேற்கொள்ள இயலாது. 1960-களிலும் 1970-களிலும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சாலையும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே நிற்கின்றன. 2008-இல் அது தேசிய நீர்வழிகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் தோணியை மிதக்க வைக்குமா?

ஆகவே வேறிடம் தேட வேண்டும். பலருக்கு முதலில் நினைவு வருவது ஆலப்புழையின் கெட்டுவள்ளம். ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதன்மேல் அறைகள் கட்டி விருந்தினரை ஏற்றலாயினர். பழம்பெருமையை நம்பி நானும் ஒருமுறை சென்றேன். பாய் எங்கே என்று கேட்டேன். படகுக்காரர் சிரித்துக்கொண்டே டீசல் எந்திரத்தைக் காட்டினார். அன்றிரவு கிடைத்த மீன் குழம்பு நன்றாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஓய்வும் உணவும் விரும்புவோர் தாராளமாகச் செல்லலாம். பாய்மரத்தைத் தேடி மட்டும் செல்ல வேண்டாம்.

உண்மையான பாயைக் காண விரும்புவோர் இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிப் பக்கம் செல்லுங்கள். அங்கே கடலோர ஊர்களில் விழாக்களையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்தும் வழக்கம் உண்டு. காற்றின் வேகத்தில் படகு ஒருபுறம் சாயும். உடனே ஆட்கள் மறுபுறம் பாய்ந்து தம் உடல் எடையால் அதை நிமிர்த்துவார்கள். இது கரையில் நின்று காண வேண்டிய காட்சி. நீந்தத் தெரியாத நம்மைப் போன்ற ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. ஐப்பசி, கார்த்திகைப் புயற்காலத்தில் எந்தப் படகையும் நாடாதீர்கள்.

எனக்கு ஏற்றதாக நான் கண்டது பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் சுரபுன்னையும் அடர்ந்த காடு அது. எந்திரப் படகும் உண்டு. ஆனால் வேர்கள் கவிந்த ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் நுழையத் துடுப்புப் படகே வேண்டும். அங்கே பாய் இல்லை. முழுதும் ஒரு மனிதனின் கை. கல்வராயன் மலையில் பெய்த மழையும் வெள்ளாற்றின் வழியே அந்தப் பக்கந்தான் வந்து சேருகிறது என்ற நினைப்பு, களமருதூர்க்காரனுக்குத் தனி மகிழ்ச்சி தந்தது.

சென்ற ஆண்டு மாணவர் நால்வரோடு சென்றேன். படகு வலித்தவர் அறுபதைக் கடந்த முதியவர். அலையாத்தி நிழலில் வெயில் தணிந்த ஓரிடத்தில், “ஐயா, சற்று நிறுத்துங்கள். கை ஓயட்டும், எங்களுக்கு அவசரமில்லை” என்றேன். அவர் துடுப்பை மடிமேல் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நிறுத்தினா இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும் தம்பி. அதுக்குக் காசு கேப்பேனேன்னு பயப்படாதீங்க” என்றார்.

மாணவர்களில் ஒருவன் துடுப்பை வாங்கி வலித்துப் பார்த்தான். படகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி வேருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, துடுப்பை எந்தக் கோணத்தில் நீரில் இறக்க வேண்டும், எப்போது மணிக்கட்டைத் திருப்ப வேண்டும் என்று அரைமணி நேரம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கரை சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த மாணவனின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள் இருந்தன.