இருபத்தொன்றும் தான்றி மரமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற பௌர்ணமி கிரிவலத்தில் ஈசான்ய லிங்கத்தை நெருங்கும்போது பின்னாலிருந்து "சார்" என்று ஒரு குரல். எட்டாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்த பையன். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. நலம் விசாரித்தபின் கைபேசியை எடுத்துக் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணையைக் காட்டினான்.

"இருபத்தொன்னு ஆட்டம் சார். இதைப் பார்த்து ஆடினா தோக்க மாட்டோம்னு சொல்றாங்க. நெஜமா சார்?"

"எவ்வளவுப்பா போச்சு?" என்றேன். மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வீட்ல அவ வளையல் நாலும் அடகுல இருக்கு சார்."

அங்கே நின்றபடி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் கணக்கு வாத்தியார் இல்லை. ஆனால் அந்த அட்டவணைக்கும் ஒரு வரலாறு இருக்கும் அல்லவா? அதைத் தேடிப் படித்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கையிலுள்ள சீட்டுகளின் கூட்டல் 21-ஐத் தாண்டாமல், டீலரைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் மதிப்பு பத்து. ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று. டீலர் 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். நம் ஊரில் தீபாவளிக்குத் திண்ணையில் நடக்கும் மங்காத்தாவில் உள்ளே, வெளியே என்று சொல்வதைத் தவிர யோசிக்க ஒன்றும் இல்லை. இதில் எடுக்கவா, நிறுத்தவா என்று யோசிக்கலாம். ஆளை இழுப்பது அந்த யோசனைதான்.

ஆட்டம் பழையது. டான் குயிக்சோட் எழுதிய செர்வாண்டிஸ், 1613-இல் வெளியான ஒரு கதையிலேயே ஸ்பெயினில் இருபத்தொன்று ஆடி ஏமாற்றும் பையன்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனாலும் 300 வருடத்துக்கு மேல் எல்லோரும் அனுமானத்தில்தான் ஆடினார்கள். 1950-களில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட் என்ற நான்கு பேர் மேசைக் கணக்குப்பொறியைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு கைக்கும் எது சரி என்று கண்டுபிடித்தார்கள். 1956-இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் அதை வெளியிட்டார்கள். தம்பி, உன் கைபேசியில் இருந்த அட்டவணையின் தாத்தா அதுதான். அது பொய் இல்லை. கையில் 16, டீலருக்கு 6 என்றால் நிறுத்து. டீலருக்கு 7 என்றால் எடு. அத்தனையும் கணக்கு.

ஆனால் அந்த நால்வரே என்ன கண்டார்கள் தெரியுமா? பிசகாமல் ஆடினாலும் நீண்ட நாளில் ஆடுபவனுக்கு நஷ்டம்தான். நல்ல விதிகள் உள்ள மேசையில் 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 50 பைசா. கைக்கு 100 ரூபாய் வைத்து 300 கை ஆடினால் சராசரியாக 150 ரூபாய் குறையும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரே இரவில் 2,000 கூடவும் செய்யும், 2,000 குறையவும் செய்யும். கூடிய இரவு மட்டும்தான் மனதில் நிற்கிறது.

அடுத்து வந்தார் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர். ஐபிஎம் கணினியில் போட்டுப் பார்த்தவர், வெளியே விழுந்த சீட்டுகளை எண்ணி நினைவில் வைத்தால் மிச்சம் இருப்பவை எப்போது நமக்குச் சாதகம் என்று தெரியும் என்றார். 1962-இல் புத்தகமும் போட்டார்.

இந்த இடத்தில் எனக்கு நளன் நினைவு வந்தது. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகடை துகில் கூத்து பார்த்து வளர்ந்த உங்களுக்குச் சகுனியைத் தெரியும். நளனும் சூதில் நாட்டை இழந்தவன்தான். தேரோட்டியாக இருந்தபோது, இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இலையையும் காயையும் எண்ணிச் சொல்கிறான். அந்த எண்ணும் வித்தையைக் கற்றதும் நளனைப் பிடித்திருந்த கலி விலகுகிறது. திரும்பிப் போய்ப் புட்கரனோடு ஆடி நாட்டை மீட்கிறான். தார்ப் சொன்னதும் எண்ணும் வித்தைதானே!

ஆனால் புட்கரன் ஆட்ட விதியை மாற்றவில்லை. சூதாட்ட விடுதிக்காரர்கள் மாற்றினார்கள். 1964-இல் லாஸ் வேகாசில் விதிகளை இறுக்கினார்கள். கூட்டம் குறைந்ததும் சில வாரங்களில் பழையபடி தளர்த்தினார்கள். பிறகு ஒரு கட்டுக்குப் பதில் ஆறு கட்டு, எட்டுக் கட்டு சீட்டைக் கலந்தார்கள். எண்ணுகிறவரை வெளியே அனுப்பினார்கள். கென் அஸ்டன் என்பவர் வழக்குப் போட்டு, எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை விடுதி விலக்கக் கூடாது என்று 1982-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். சரி என்று அடிக்கடி கலைக்க ஆரம்பித்துவிட்டார்கள்!

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 'ஸ்பானிஷ் 21' என்ற மாற்று ஆட்டம். கட்டிலிருந்து நான்கு 10-களையும் எடுத்துவிடுகிறார்கள். 52-க்கு 48 சீட்டு. பத்து மதிப்புள்ளவை 16-லிருந்து 12 ஆகிவிடும். பதிலுக்கு மூன்று ஏழு சேர்ந்தால் பரிசு, உன் 21 எப்போதும் ஜெயிக்கும் என்று ஆசை காட்டுவார்கள். பத்துகள் குறைந்ததால் டீலர் 21-ஐத் தாண்டித் தோற்பதும் குறைகிறது. கையில் 12, டீலருக்கு 5 என்றால் சாதாரண ஆட்டத்தில் நிறுத்த வேண்டும். இதில் எடுக்க வேண்டும். பழைய அட்டவணையை மனப்பாடம் செய்தவன் இங்கே அந்த அட்டவணையாலேயே தோற்பான். தம்பி, நீ ஆடியது எந்த ஆட்டம், எத்தனை கட்டு என்று உனக்குத் தெரியுமா? கைபேசி ஆட்டத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைக்கிறார்கள். அப்படியானால் எண்ணுவதற்கு அங்கே மரமே இல்லை.

"கோர்ட்டே திறமை விளையாட்டுன்னு சொல்லிடுச்சே சார்" என்றாய். 1967-இல் செகந்திராபாத் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ரம்மியைப் பற்றி. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ரம்மி, போக்கர் பற்றி. இருபத்தொன்றைப் பற்றி இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் நடத்தக் கூடாது என்றுவிட்டது. ஆடியவருக்கு அதில் தண்டனை இல்லை. அதனால் பயப்படாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசு. பணம் அனுப்பிய ரசீதுகளை அழித்துவிடாதே.

உன் பெயரை எழுதவில்லை. நீயும் கீழே கருத்தில் வந்து மாட்டிக்கொள்ளாதே. அடுத்த பௌர்ணமி சாயங்காலம் ஆறு மணிக்கு ஈசான்ய லிங்கத்துக்கு எதிரே நிற்பேன். அடகுச் சீட்டை எடுத்துக்கொண்டு வா. முடிந்தால் அந்தப் பெண்ணையும் அழைத்து வா, வட்டிக் கணக்கை மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.