ஹவுரா : ஓர் ஆற்றங்கரை நகரின் வரலாறும் மக்களும்

முன்னுரை

தமிழகத்திலிருந்து கொல்கத்தாவுக்குப் புகைவண்டியில் செல்வோருள் பெரும்பாலோர் முதலில் கால்பதிக்கும் மண் கொல்கத்தா அன்று, ஹவுராவே ஆகும். ஹுக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த இந்நகர் தனி மாவட்டத்தின் தலைநகராகவும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் உறைவிடமாகவும் விளங்குகிறது. எனினும், கிழக்குக் கரையிலுள்ள பெருநகரின் வாயில் என்ற அளவிலேயே இது பலராலும் அறியப்பட்டுள்ளது. ஒரு நிலையமும் ஒரு பாலமுமே ஹவுரா என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. அவ்விரண்டையும் கடந்து, கடக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட மக்களின் வழியாக நோக்கும்போதுதான் இந்நகரின் வரலாறு முழுமை பெறுகிறது.

பெயரும் பழமையும்

தாழ்வான, நீர் தேங்கும் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘ஹாவர்’ என்னும் வங்கச் சொல்லின் அடியாக ஹவுரா என்ற பெயர் பிறந்தது என்பர். ஏரி, குளம், துறை ஆகியவற்றால் ஊர்கள் பெயர்பெறும் தமிழக வழக்கோடு இது ஒப்புநோக்கத்தக்கது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து தங்கும் சாந்த்ராகாச்சி ஏரி அப்பழைய நீர்நிலத்தை இன்றும் நினைவூட்டி நிற்கிறது.

ஹவுராவினும் தொன்மை வாய்ந்தது, இன்று அந்நகரின் ஒரு பகுதியாகிவிட்ட பேட்டோர் என்னும் துறை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததாகக் கருதப்படும் பிப்ரதாசரின் வங்க மங்கல காவியத்தில் இவ்விடம் குறிக்கப்பெறுகிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த வெனிசு நாட்டு வணிகர் செசாரே ஃபெதெரிச்சி தரும் செய்தி சுவையானது. பெருங்கப்பல்கள் பேட்டோர் வரையே வர இயலும். அவை வரும் பருவத்தில் வைக்கோலால் வீடுகளும் கடைகளும் அமைத்து ஓர் ஊரையே எழுப்புவர். கப்பல்கள் திரும்பும்போது அதனைத் தீயிட்டு அழித்துவிடுவர் என அவர் எழுதியுள்ளார். ஆண்டுதோறும் தோன்றி மறைந்த இவ்வூரே, ஹவுராவின் பிற்கால இயல்பை முன்னறிவிப்பது போல் அமைந்துள்ளது.

கும்பினியார் காலம்

1717ஆம் ஆண்டு முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வழங்கிய ஆணையில் கல்கத்தாவைச் சூழ்ந்த 38 ஊர்களை வாங்கிக்கொள்ளும் உரிமை இடம்பெற்றது. அவற்றுள் சால்கியா, ஹவுரா, காசுந்தியா, ராமகிருஷ்ணபூர், பேட்டோர் ஆகிய ஐந்தும் மேற்குக் கரையைச் சார்ந்தவை. ஆனால் வங்க ஆளுநர் முர்ஷித் குலிகானின் எதிர்ப்பால் இவ்வூர்கள் உடனடியாகக் கும்பினியார் கைக்கு வரவில்லை. 1760இல் மீர்காசிம் பர்துவான் பகுதியை விட்டுக்கொடுத்த பின்னரே ஹவுரா அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டது. கிழக்குக் கரை பெருநகராக வளர்ந்துகொண்டிருந்த அந்த இடைக்காலம் முழுவதும் மேற்குக் கரை நவாபின் நிலமாகவே இருந்தது. இரு கரைகளின் வளர்ச்சியிலும் காணப்படும் வேறுபாட்டிற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இதன்பின், பெருநகரில் இடம்பெற இயலாதவை இக்கரைக்கு வந்து சேர்ந்தன. கப்பல் செப்பனிடும் துறைகளும் உப்புக் கிடங்குகளும் சால்கியாவில் அமைந்தன. திபெத்தின் பஞ்சன் லாமாவின் வேண்டுகோளுக்கிணங்க, வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் குசுரியில் ‘போட் பாகான்’ என்னும் மடம் நிறுவப்பட்டது. 1787இல் இராபர்ட் கிட் சிப்பூரில் தாவரவியல் பூங்காவைத் தோற்றுவித்தார். 1770ஆம் ஆண்டின் வங்கப் பெரும்பஞ்சம் மக்களின் நினைவிலிருந்து நீங்காத காலம் அது. பஞ்சம் தாங்கும் உணவுப் பயிர்களை வளர்ப்பதும் அவர் முன்வைத்த நோக்கங்களுள் ஒன்று. சென்னை மாகாணத்துச் சாமல்கோட்டையில் மருத்துவராகவும் தாவர ஆய்வாளராகவும் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பரோ 1793இல் இப்பூங்காவின் பொறுப்பை ஏற்றார். தென்னிந்தியத் தாவரங்களைக் கற்ற அறிஞரின் கையில் வங்கப் பூங்கா வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இருப்புப்பாதையும் பாலமும்

1843இல் ஹவுரா தனி மாவட்டமாயிற்று. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஹவுராவிலிருந்து ஹுக்ளிக்கு முதல் புகைவண்டி 24 மைல் தொலைவு ஓடியது. சென்னை இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது இதற்கு ஈராண்டுகள் கழித்து, 1856இல் ஆகும். அகன்ற ஆற்றுக்கு அந்நாளில் பாலம் இல்லாமையால் இருப்புப்பாதை மேற்குக் கரையிலேயே நின்றது. கல்கத்தா செல்வோர் படகேறி ஆற்றைக் கடந்தனர். ஆறு தடுத்ததனாலேயே ஹவுரா நகரமாயிற்று என்று கூறுவது மிகையன்று.

1874இல் பிராட்ஃபோர்ட் லெஸ்லி அமைத்த மிதவைப் பாலம் திறக்கப்பட்டது. கப்பல்கள் செல்வதற்காக அதன் நடுப்பகுதி அவ்வப்போது விலக்கப்படும். அந்நேரங்களில் வண்டிகளும் மக்களும் கரையில் காத்திருக்க நேர்ந்தது. இதற்கு மாற்றாக எழுந்ததே இன்றைய பாலம். 26,500 டன் எஃகு கொண்டு, ஆற்றின் நடுவே தூணின்றிக் கட்டப்பட்ட இப்பாலம் 1943 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. உலகப் போர்க்காலமாதலின் சப்பானியக் குண்டுவீச்சிற்கு அஞ்சித் திறப்புவிழா ஏதும் நிகழ்த்தப்படவில்லை. 1965இல் இதற்கு இரவீந்திர சேது என்று பெயரிடப்பட்டது. 1992இல் வித்யாசாகர் சேதுவும், 2024இல் ஆற்றின் அடியிற் செல்லும் மெட்ரோ இரயில் வழியும் திறக்கப்பட்டன.

உழைக்கும் மக்கள்

1862ஆம் ஆண்டு ஹவுரா வரலாற்றில் இருவகையால் சிறப்புடையது. நகராட்சி தோன்றியது அவ்வாண்டில்தான். அதே ஆண்டில் ஹவுரா இரயில் நிலையத் தொழிலாளர் ஏறத்தாழ 1,200 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். எந்திரப் பிரிவினர் எட்டு மணிநேரம் உழைக்க, தாங்கள் மட்டும் பத்து மணிநேரம் உழைக்க வேண்டியுள்ளது என்பது அவர்களது குறை. ‘சோமப்பிரகாஷ்’ என்னும் வங்க இதழ் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளது. சிகாகோ நகரில் எட்டு மணிநேர வேலைக்கான கிளர்ச்சி எழுந்தது 1886இல்; சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடியது 1923இல். இவற்றிற்கெல்லாம் முற்பட்ட இந்நிகழ்ச்சி, வேலைநேரம் பற்றிய உணர்வு இந்தியத் தொழிலாளரிடம் தொடக்கத்திலேயே அரும்பியிருந்தது என்பதற்குச் சான்றாகிறது. பாலத்தின் எடையை அறிந்தோர் பலர். இத்தொழிலாளரை அறிந்தோர் சிலரே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சணல் ஆலைகளும் வார்ப்படச் சாலைகளும் பெருகின. பீகார், ஒரிசா, ஐக்கிய மாகாணம் ஆகிய பகுதிகளிலிருந்தும், அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியிலிருந்த கஞ்சம், விசாகப்பட்டினம் மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்தனர். வங்கமொழியுடன் இந்தி, உருது, ஒரியா, தெலுங்கு ஆகியவையும் இந்நகரின் தெருக்களில் ஒலிக்கலாயின. சிறு பட்டறைகள் மலிந்தமையால் ‘கிழக்கின் ஷெஃபீல்டு’ என்ற பெயரும் ஹவுராவுக்கு வழங்கிற்று. தமிழில் மொழிபெயர்ப்புகள் வழியே பெரிதும் விரும்பிப் படிக்கப்பட்ட புதினப் படைப்பாளர் சரத் சந்திரர் சிப்பூர்ப் பகுதியில் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் சணல் விளையும் நிலங்களின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும், ஆலைகள் இந்தியாவிலும் அமைந்தன. அகதிகளாக வந்தோரையும் ஹவுரா ஏற்றுக்கொண்டது. 1960களின் நடுவில் இரயில்வேயின் சரக்குப்பெட்டித் தேவை குறைந்தபோது பொறியியல் தொழில் நலிவுற்றது. ஹவுராவின் பெயர்பெற்ற பர்ன் தொழிற்சாலை 1970களில் அரசுடைமையாகியும் நிலைபெறவில்லை; அதனை மூடுவதற்கு நடுவணரசு 2018இல் ஒப்புதல் அளித்தது. ஆயினும் தொழிலாளர் வழித்தோன்றல்கள் பலர் ஊர் திரும்பாது, சிறு பட்டறைகளிலும் செவ்வாய்தோறும் கூடும் மங்களா சந்தையின் துணி வணிகத்திலும் வாழ்வைத் தேடிக்கொண்டனர்.

நிறைவுரை

பேட்டோரின் வைக்கோல் ஊர் கப்பல் சென்றதும் எரிக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆலைகள் மூடப்பட்டபோது, அவற்றைச் சார்ந்து எழுந்த குடியிருப்புகள் அவ்வாறு மறையவில்லை. இவ்வேறுபாட்டிலேயே ஹவுராவின் சிறப்பு அடங்கியுள்ளது. வணிகத்தின் தேவைக்காகப் பிறர் அமைத்த இறங்குதுறையைத் தங்கள் ஊராக மாற்றியவர்கள் அங்கு வந்து உழைத்த மக்களே ஆவர். சிப்பூர்ப் பூங்காவின் பேராலமரத்தில் பூஞ்சை பற்றிய அடிமரம் 1925இல் அகற்றப்பட்டது. மரம் விழுதுகளாலேயே இன்றும் தழைத்து நிற்கிறது. நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் அடிமரத்தோடு விழுதுகளையும் எண்ணுதல் வேண்டும்.